அரவம் வளர்ப்பதும் அணுவிரதமும்

பாம்பைப் பட்டினி போடுவது பாவமா, அதற்கு எலியைக் கொடுப்பது பாவமா என்னும் வினாவைத் திருவொற்றியூரில் வாழும் நம் சமூகத்து இல்லத்தார் ஒருவர் நம்மிடம் விடுத்துள்ளார். அவர்தம் மைந்தர் கல்லூரியில் பயில்பவர். ‘கார்ன் ஸ்நேக்’ என்று விற்பனையாளர்கள் அழைக்கும் அயல்நாட்டுப் பாம்பொன்றை வாங்கி வந்து கண்ணாடிப் பெட்டியில் வைத்து வளர்க்கிறார். அதற்கு இரை வெள்ளெலி. உறைய வைத்த எலிகள் காகித உறையில் சுற்றப்பட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் கிடக்கின்றன. கீழ்த்தட்டில் தயிரும் காய்கறியும் இருக்கின்றன. இப்பெட்டியைத் திறந்து எடுத்த பொருளால் சமைத்து ஜினபகவானுக்கு எப்படி நிவேதனம் வைப்பேன் என்று அன்னையார் கலங்குகிறார். எலி வாங்குவதை நிறுத்திவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று தந்தையார் எண்ணுகிறார். நிறுத்தினால் பாம்பு செத்துவிடும் என்கிறார் மைந்தர்.

மூவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆதலின் இதனை ஒரு குடும்பத்துப் பூசலாகக் கருதி விட்டுவிடாமல், சற்று விரிவாகவே ஆராய முற்படுகிறோம்.

முதலில் அவ்வுயிரின் இயல்பை அறிந்துகொள்வோம். சோளப் பாம்பு என்று தமிழில் சொல்லத்தக்க இது வட அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிக்கு உரியது. நஞ்சற்றது. இரையைச் சுற்றி இறுக்கிக் கொன்று முழுமையாக விழுங்குவது. வளர்ந்தபின் மூன்றடி முதல் ஐந்தடி வரை நீளும். செம்மஞ்சள் மேனியில் கருங்கரை இட்ட செம்புள்ளிகள் வரிசையாக அமைந்திருக்கும். பார்ப்பதற்கு அழகானது என்பதில் ஐயமில்லை. கையில் எடுத்தால் பெரும்பாலும் கடிப்பதில்லை. இவ்விரண்டு காரணங்களாலேயே உலகெங்கும் இதனை வீட்டில் வளர்க்கும் வழக்கம் பரவியது. ஆயினும் வாங்குகிறவர் எண்ணிப் பாராத செய்தி ஒன்று உண்டு. நல்ல பராமரிப்பில் இது 15 முதல் 20 ஆண்டுகள் வரை உயிர்வாழும். இன்று கல்லூரி செல்லும் இளைஞர் மணமுடித்து மக்களைப் பெற்றுப் பள்ளிக்கு அனுப்பும் காலத்திலும் அப்பெட்டியில் அது இருக்கும்.

இதற்குச் சைவ உணவைப் பழக்க இயலாதா என்று நம் பெண்டிர் சிலர் கேட்பதுண்டு. இயலாது. பாம்பின் பற்கள் மெல்லுவதற்கு உரியவை அல்ல. இரையைப் பற்றி உள்ளே இழுப்பதற்கு மட்டுமே பயன்படுபவை. எலியின் தசையோடு எலும்பும் குடலும் சேர்ந்தே அதற்கு முழு உணவாகின்றன. சுண்ணச் சத்து எலும்பிலிருந்து கிடைக்கிறது. பழத்தையோ சோற்றையோ அது உணவென்று அறிவதே இல்லை. புற்றுக்குப் பால் வார்க்கும் வழக்கம் திருவொற்றியூர்ப் பக்கத்தில் இன்றும் உண்டு. பால் பாம்புக்கு உணவன்று. தாகம் முற்றிய நிலையில் வேறு நீரின்றி அதைக் குடித்தால் செரிக்காமல் துன்புறும். ஆகவே பக்தியாலும் அதன் உணவை மாற்ற முடியாது, பரிவாலும் மாற்ற முடியாது. நாம் பொழுது சாய்வதற்கு முன் உண்டு முடித்து வாய் கழுவும் வேளையில்தான் அது இரை தேடப் புறப்படும். இராவுண்ணா நோன்பிகளின் இல்லத்தில் இராவுண்ணி ஒன்று குடியேறியிருக்கிறது என்று நாம் நகைத்துக்கொள்ளலாம். ஆனால் அதன் குற்றம் அதில் ஒன்றுமில்லை.

வளர்க்கும் முறை பற்றியும் சிறிது கூறவேண்டும். அறத்தைப் பற்றிப் பேசுகையில் இதெல்லாம் எதற்கு என்று சிலர் நினைக்கக்கூடும். பராமரிப்பு அறியாமல் நேரும் துன்பமும் இம்சையே என்பதால் கூறுகிறோம். வளர்ந்த பாம்புக்கு நான்கடி நீளம், இரண்டடி அகலம் உள்ள பெட்டியாவது வேண்டும். மூடி இறுக்கமாகத் தாழிடப்பட்டிருக்க வேண்டும். தலை நுழையும் இடைவெளி இருந்தால் உடல் முழுதும் வெளியேறிவிடும். பெட்டியின் ஒரு புறம் 30 பாகை வெப்பமும் மறுபுறம் 24 பாகை அளவும் இருந்தால், தனக்கு வேண்டிய இடத்தைப் பாம்பே தேர்ந்துகொள்ளும். குளிர்நாட்டார் எழுதிய நூல்களில் எல்லாம் வெப்பமூட்டும் கருவியைப் பற்றியே பேச்சு. இராயபுரத்திலும் எண்ணூரிலும் சிக்கல் அதற்கு நேர்மாறானது. கத்திரி வெயிலில் மின்சாரம் நின்ற மாடி அறையில் கண்ணாடிப் பெட்டி அடுப்பாகிவிடும். 35 பாகையைத் தாண்டிய வெப்பம் நீடித்தால் உயிருக்கே ஆபத்து. கடற்காற்றின் ஈரமும் சேர்ந்து, காற்றோட்டமில்லாத பெட்டியில் அடிவயிற்றுச் செதில்கள் அழுகுவதும் மூச்சுநோய் வருவதும் உண்டு. ஒளிந்துகொள்ள இரு புறமும் மறைவிடம் வேண்டும். உடல் நனையும் அளவு நீர்க்கிண்ணம் வேண்டும். தொட்ட பின் கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். ஊர்வனவற்றின் உடலில் இருக்கும் சால்மொனெல்லா கிருமி குழந்தைகளைத் தாக்கக்கூடியது.

இரையைப் பொறுத்தவரை, குட்டிப் பாம்புக்கு ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒருமுறை கண் திறவாத எலிக்குஞ்சு ஒன்று. வளர்ந்ததற்குப் பத்து முதல் பதினான்கு நாளுக்கு ஒருமுறை ஓர் எலி. இரையின் பருமன் பாம்பின் உடற்பருமனை ஒட்டியே இருக்க வேண்டும். உறைந்த எலியை முதல் நாளே கீழ்த்தட்டுக்கு மாற்றி உறைநீக்கி, பின்பு வெந்நீரில் வைத்துச் சூடேற்றி இடுக்கியால் நீட்டுவது முறை. உண்ட பின் இரண்டு நாள் தொடக்கூடாது, தொட்டால் கக்கிவிடும். தோலுரிக்கும் காலத்தில் கண் நீலம் பூத்து மங்கும்போதும், மார்கழிக் குளிரிலும் அது இரையை மறுப்பதுண்டு. அதைப் பாம்பு உபவாசம் இருக்கிறது என்று மகிழ்ந்து சொல்வோரும் உளர்! அது உடலின் இயற்கை. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

இனிக் கணக்கிடுவோம். பதினைந்து நாளுக்கு ஓர் எலி என்று குறைத்தே கொண்டாலும் ஆண்டுக்கு 24. இருபது ஆண்டுகளுக்கு ஏறக்குறைய ஐந்நூறு. எலியும் ஐயறிவுடையது; மனமும் உடைய சம்ஞி ஜீவன். பாம்பும் அவ்வாறே. உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கை கொண்டு வகுக்கும் நம் ஆகம மரபில் இவ்விரண்டும் ஒரே படியில் நிற்பவை. நிலத்தைத் தோண்டி வரும் கிழங்கைக்கூட அதிலுள்ள எண்ணற்ற ஓரறிவுயிர்களைக் கருதி விலக்கும் இல்லத்தில், ஓர் அழகுக்காக ஐந்நூறு ஐயறிவுயிர்கள்!

நம் முன்னோர் இதனை அறியாதிருந்தார்கள் என்று கருத வேண்டா. சுவாமி கார்த்திகேயர் இயற்றிய அனுப்ரேட்சை நூல், பயனின்றித் தேடிக்கொள்ளும் வினைகளாகிய அனர்த்த தண்டங்களை விளக்குமிடத்தில் பூனை முதலிய கொல்லுயிர்களை வளர்ப்பதை வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறது. ஆயுதம் விற்பதும் அதே இடத்தில்தான் சொல்லப்படுகிறது. பூனையின்மேல் ஆசிரியருக்கு வெறுப்பு இருந்திருக்காது. அதை வளர்க்க வேண்டிய கட்டாயம் இல்லறத்தானுக்கு இல்லை என்பதே அவர் கருத்து. உழவிலும் உலையிலும் நேரும் ஆரம்ப இம்சை வாழ்க்கைக்குத் தவிர்க்க முடியாதது. பாம்பு வளர்ப்பதோ வலியச் சென்று வாங்கிவந்த வினை.

அப்படியானால் எலியை நிறுத்திவிட வேண்டியதுதானே என்று தந்தையார் பக்கம் சாயத் தோன்றும். இங்கேதான் பலர் அவசரப்படுகின்றனர். தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் அகிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுசுமை ஏற்றுதல், ஊணும் நீரும் தடுத்தல். முதலாவது, பெட்டியின் தாழ்ப்பாள் விழுந்த அன்றே நேர்ந்துவிட்டது. அதற்குமேல் இரையை நிறுத்தினால் ஐந்தாவதும் சேரும். பாம்பின் பட்டினி கொடியது. ஏனெனில் அது ஓசையற்றது. பசித்த நாய் குரைக்கும், மாடு கத்தும். பாம்போ வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட, மெலிந்துகொண்டே ஒரு மூலையில் சுருண்டு கிடக்கும். வீட்டார் அடுக்களையில் தூய்மை திரும்பியது என்று நிம்மதி அடைந்திருக்கையில், மூன்றடி தள்ளி ஓர் உயிர் தேய்ந்துகொண்டிருக்கும். அதனை அகிம்சை என்று பெயரிட்டு அழைக்க நம்மால் இயலவில்லை.

ஐந்நூறு உயிரைக் காக்க ஓர் உயிர் போனால் என்ன என்று கேட்பாருக்கு அமிருதசந்திர சூரி விடை சொல்லியிருக்கிறார். கொல்லுயிர் ஒன்றைக் கொல்வதால் பல உயிர்கள் பிழைக்கும் என்று கருதி அதனைக் கொல்லலாகாது என்பது புருஷார்த்த சித்தியுபாயத்தின் கருத்து. அதே நூல், பசித்து வந்த உயிரைக் கண்டு தன் தசையையே அறுத்துக் கொடுக்கும் வேகத்தில் தன்னைக் கொல்வதும் தகாது என்கிறது. புறாவுக்காகத் தசை அரிந்த சிபியின் கதையைப் பாராட்டும் நாட்டில் இது பலருக்கு வியப்பளிக்கலாம். உயிர்க் கணக்கைக் கையிலெடுத்து இவ்வுயிருக்கு அவ்வுயிர் என்று நிறுத்துப் பார்க்கும் உரிமையை நம் ஆசாரியர்கள் எவருக்கும் தரவில்லை.

துறைமுகக் கிடங்குகளிலும் மணலி, எண்ணூர் ஆலைகளின் புதர்மண்டிய வெளிகளிலும் சாரைப்பாம்புகள் எலி தின்று வாழ்கின்றன. அது குறித்து நமக்குக் கடமையும் இல்லை, குற்றமும் இல்லை. அங்கே எலி இரையாவது அவ்வுயிர்களின் வினைவழி நிகழ்வது. இல்லத்தில் நிகழ்வது அப்படியன்று. பாம்பை நாம் தெரிந்தெடுத்தோம். எலியை நாம் விலைகொடுத்து வாங்கினோம். வேளையை நாம் குறித்தோம். தானே கொல்லாமல் உறைந்த எலியைத்தானே வாங்குகிறேன் என்பது மைந்தரின் சமாதானம். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றும் வினைக்கு வாயில்கள் என்று பாலபாடத்திலேயே படித்திருப்பார். யசோதர காவியத்தில் வெட்டுண்டது உயிரற்ற மாக்கோழி. அதற்கே மன்னனும் தாயும் மயிலாகவும் நாயாகவும் மற்றும் பல விலங்குகளாகவும் பிறந்து அலைந்தார்கள். உயிரில்லாத மாவில் கொலையெண்ணம் புகுந்ததற்கே அத்தனை பிறவிகள் என்றால், உயிரோடிருந்த எலி நமக்காக உறைந்தது என்பதை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

ஆயினும் உறைந்த எலிக்கும் உயிருள்ள எலிக்கும் வேறுபாடே இல்லை என்று கூறமாட்டோம். உயிருள்ள எலியைப் பெட்டிக்குள் விடுவதில் அவ்வெலியின் அச்சம் நீள்கிறது. தற்காப்புக்கு அது பாம்பைக் கடித்துப் புண்படுத்துவதும் உண்டு. அதனைச் சுற்றி நின்று பார்ப்பதும் கைபேசியில் படமெடுத்து நண்பர்க்கு அனுப்புவதும் உடன்பாட்டின் உச்சம். ஆகவே அதனை அறவே விலக்க வேண்டும்.

பாம்பைக் கொண்டுபோய்க் கொசஸ்தலை ஆற்றங்கரையில் விட்டுவிடலாமே என்பது அடுத்த யோசனை. அவ்வாற்றின் முகத்துவாரம் எப்படிப்பட்டது என்பதை அப்பகுதியார் அறிவர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து கூழைக்கடாக்களின் சிறகில் அப்பியது. பெட்டியில் பிறந்து இடுக்கியில் உண்டு பழகிய பாம்பு அங்கே பிழைத்தாலும் தீங்கு, மடிந்தாலும் தீங்கு. கரீபியக் கடலின் கிராண்ட் கேமன் தீவில் இதே சோளப் பாம்பு வெளியிலிருந்து வந்து பெருகிப்போன வரலாறு உண்டு. நம் கண்ணுக்கு மறைந்தால் விடுதலை என்று பெயர் சூட்டுவது எளிது.

வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள் என்றே பெரியோர் பலரும் கூறுவர். இது பற்றி நமக்கு மாறுபட்ட கருத்து உண்டு. தில்லிச் செங்கோட்டைக்கு எதிரேயுள்ள திகம்பர ஜைன லால் மந்திரில் பறவைகளுக்கான தரும மருத்துவமனை ஒன்று நெடுங்காலமாக நடந்து வருகிறது. புறாவும் கிளியும் அங்கே தங்கிச் சிகிச்சை பெறும். பருந்து போன்ற ஊனுண்ணிகளை உள்ளே தங்க வைப்பதில்லை. புறநோயாளியாகப் பார்த்து அனுப்புவதே வழக்கம். இதனைக் கடுமை என்று குறை கூறுவோர் உண்டு. அந்நகரத்தில் பருந்துகளுக்காகவே தம் வாழ்நாளைச் செலவிடும் இசுலாமியச் சகோதரர்களைப் பற்றிய ஆவணப்படம் 2022இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. அச்சகோதரர்களின் தொண்டை நாம் தலைவணங்கிப் போற்றுகிறோம். எனினும் மருத்துவமனையின் நெறியும் பிழையன்று. பருந்தை அவர்கள் பிடித்து வரவில்லை. அதன் வானத்தை அடைக்கவில்லை. தம் கையால் ஊன் ஊட்ட மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு. ஏற்காதிருப்பது வேறு, ஏற்றபின் கைவிடுவது வேறு. நம் திருவொற்றியூர் இல்லத்தார் அந்த உரிமையை வாங்கிய அன்றே இழந்துவிட்டனர். இன்னொருவர் வீட்டுக்குப் பாம்பை அனுப்பினால் எலிகள் சாவது நிற்கப் போவதில்லை. அவை வேறொரு குளிர்சாதனப் பெட்டியில் உறையும். கொள்வோர் நம்மிலும் நன்றாகப் பராமரிக்க வல்லவர் என்று உறுதியானால், பாம்பின் நலம் கருதிக் கொடுக்கலாம். நம் அடுக்களைத் தூய்மையை மட்டும் கருதிக் கொடுப்பதாயின், அது வினையை இடம் மாற்றுவதே ஆகும்.

எனவே நாம் அக்குடும்பத்திற்கு எழுதியது இது. பாம்பு வாழும்வரை வாங்கியவரே அதனை ஊட்ட வேண்டும். அன்னையார் கையாலோ தங்கை கையாலோ அன்று, மைந்தர் தம் கையாலேயே. எலிக்கென்று சிறிய உறைபெட்டி ஒன்றை வேறாக வாங்கி அடுக்களைக்குப் புறம்பே வைக்க வேண்டும், அச்செலவும் அவருடையதே. பாம்பின் உடல்நலத்திற்கு எவ்வளவு குறைவான இரை போதுமோ அதற்குமேல் ஒன்றும் வேண்டா. துணைப் பாம்பு வாங்குவதும் முட்டையிடச் செய்வதும் குட்டிகளை விற்பதும் கூடவே கூடா. ஊட்டிய நாளின் பிரதிக்கிரமணத்தில் அதனைச் சொல்லிக்கொள்ள வேண்டும். இதனை அறம் என்று நாம் கூறவில்லை. கடன் என்கிறோம். கடனை அடைப்பது கொடையாகாது.

நம் கருத்தை ஏற்காத பண்டிதர்கள் உளர். இல்லத்தில் ஊன் நுழைவதை எந்நிலையிலும் ஒப்பக்கூடாது, பழிக்கு உடன்பட்டுப் பழகும் மனம் பின்பு எதற்கும் உடன்படும் என்பது அவர்கள் வாதம். அதன் வலிமையை நாம் அறிவோம். இருபதாண்டுப் பழக்கம் மனத்தைக் கெட்டிப்படுத்தும் என்பது பொய்யன்று. அதற்காகவே பிரதிக்கிரமணத்தை வலியுறுத்தினோம்.

இன்னும் வாங்காத இல்லங்களுக்குச் சொல்ல வேண்டியது மிகச் சுருக்கம். வாங்க வேண்டா. நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். அயல்நாட்டுப் பாம்புகள் எப்படி வருகின்றன என்பதற்கு ஒரு சான்று: 2023 ஏப்ரல் 28 அன்று கோலாலம்பூரிலிருந்து சென்னை விமான நிலையம் வந்த பயணி ஒருவரின் பெட்டிகளில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் சுங்கத்துறையினரால் கண்டுபிடிக்கப்பட்டன. பிளாஸ்டிக் டப்பாக்களில் மூச்சடைத்துக் கடல் கடந்த உயிர்கள் அவை. பன்னாட்டு வாணிப உடன்படிக்கைப் பட்டியலில் சோளப் பாம்பு இல்லை, ஆகவே குற்றமில்லை என்று விற்பவர் கூறக்கூடும். உரிமமின்றி உயிரைக் கொண்டுவருவது பட்டியலில் உள்ளதாயினும் இல்லதாயினும் கடத்தலே. கள்ளாமை அணுவிரதத்தின் அதிசாரங்களில் கள்ளர் கொணர்ந்ததைக் கொள்ளுதலும் அரசு நெறி கடத்தலும் எண்ணப்பட்டிருப்பதை நினைவூட்டுகிறோம். வாங்குமுன் ஒரு முறை உமாசுவாமிகளின் ஏழாம் அத்தியாயத்தைப் படித்துவிட்டுச் செல்லும் இளைஞர் பெரும்பாலும் கடைக்குச் செல்லமாட்டார்.

தாழ்ப்பாளைப் பற்றி இன்னொன்றும் கூறவேண்டும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர்ப் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, சுற்றுக் குப்பங்களின் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடினர். தெருநாய்க்கும் ஓட வழியிருந்தது. பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் உயிருக்கு அந்த வழியும் இல்லை. அப்பகுதியில் இத்தகைய உயிரை வைத்திருப்போர், ஓடும் வேளையில் அதனைத் தூக்கிச் செல்லக் காற்றுத்துளை உள்ள சிறு பெட்டியொன்றை வாயிலருகே ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும்.

அன்னையார் தம் மடலின் இறுதியில் வேறொன்றும் வினவியிருந்தார். அது இறக்கும் தறுவாயில் பஞ்ச நமஸ்காரம் ஓதலாமா, ஊனுண்ட உயிருக்கு அது தகுமா என்பது. பார்சுவநாதர் இளவரசராயிருந்த காலத்தில் தாபதன் எரித்த கட்டைக்குள் உயிர்நீங்கும் நிலையில் இருந்த நாக இணைக்கு மந்திரம் கிட்டியது. அவையே தரணேந்திரனும் பத்மாவதியும் ஆயின. திருநறுங்கொண்டையில் அப்பாண்டைநாதரின் முடிமேல் குடைவிரித்து நிற்கும் நாகத்தை வணங்கி வரும் நமக்கு இதில் ஐயம் எதற்கு? சீவகன் மந்திரம் ஓதியது அடிபட்டுக் கிடந்த நாய்க்கு. ஓதலாம். மைந்தரும் உடனிருந்து ஓதட்டும்.